பதங்கள் மனத்தில் நிலைபெறும் விதம்

ஆங்கில பாஷையின் சொற்களை எல்லாம் ஒரே நூலில் திரட்டி, ஒவ்வொன்றின் பிறப்பையும் வளர்ச்சியையும் காலவாரியாகக் காட்டிவிட வேண்டும் என்னும் பெருநோக்கத்தோடு தொடங்கப்பட்ட ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதற் பகுதி 1884-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியராக இருந்து தம் வாழ்நாளின் சாரத்தையே அதற்கு அர்ப்பணித்த ஜேம்ஸ் மரே 1915-இல் காலமானார். இறுதிப் பகுதி அச்சேறியதோ 1928-இல்தான். முற்றுப்பெற்ற அந்நூலில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் விளக்கம் பெற்றிருந்தன. இத்தொகையைக் கேட்ட மாத்திரத்தில், ஆங்கிலத்தில் சொல்வளம் பெற விரும்பி அகராதி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு முதற் பக்கத்திலிருந்து உருப்போடத் துணிந்த மாணாக்கன் மனம் சோர்ந்துபோவது இயல்பே. அச்சோர்வுக்குக் காரணமில்லை. சொற்பொருள் மனத்தில் தங்குவதும் அதனின்று நழுவுவதும் சில நியதிகளுக்கு உட்பட்டே நிகழ்கின்றன என்பதையும், அந்நியதிகளை அறிந்து பயில்பவன் அறியாது பயில்பவனைக் காட்டிலும் குறைந்த உழைப்பில் நெடுந்தூரம் சென்றுவிடுகிறான் என்பதையும், சென்ற ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்றுவரும் பரிசோதனைகள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியுள்ளன. அப்பரிசோதனைகளை ஒரு முறைப்படச் சொல்லிச் செல்வதே இவ்வத்தியாயத்தின் பணி.

நினைவு என்பது ஆன்மாவின் சூட்சுமங்களுள் ஒன்று, அதனை அளவுகோல் கொண்டு அளத்தல் ஆகாது என்று தத்துவ ஞானிகள் பலர் எண்ணியிருந்த காலத்தில், அதனை அளந்தே தீர்வதென்று முனைந்தவர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர். ஒளி, ஒலி, பளு முதலியவற்றைப் புலன்கள் உணரும் திறத்தைக் கணித முறையில் ஆராய்ந்த ஃபெக்னரின் நூலொன்று பாரிஸ் நகரத்துப் பழைய புத்தகக் கடையில் அவருக்குக் கிடைத்ததாகவும், புலனுணர்வை அளக்க முடியுமானால் நினைவை மட்டும் ஏன் அளக்க முடியாது என்னும் வினா அன்று அவர் உள்ளத்தில் எழுந்ததாகவும் சொல்வர். அவருக்குப் பரிசோதனைச் சாலை இல்லை, உதவியாளர் இல்லை, பரிசோதனைக்கு உட்பட முன்வருவார் ஒருவரும் இல்லை. ஆகவே தம்மையே பரிசோதனைப் பொருளாக ஆக்கிக்கொண்டார். அறிந்த சொற்களை மனனம் செய்தால் அவற்றின் அர்த்தமும் பழைய நினைவுகளும் கூடவே வந்து கணக்கைக் குலைத்துவிடும் என்று கருதி, மெய்யெழுத்து ஒன்று, உயிரெழுத்து ஒன்று, மீண்டும் மெய்யெழுத்து ஒன்று என்னும் அமைப்பில் யாதொரு பொருளுமற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 ஆக்கி, அவற்றைக் கலைத்து வரிசை வரிசையாக எழுதி, கடிகாரத்தின் ஓசைக்கு இயைய ஒரே சீரான வேகத்தில் வாசித்து, பிழையின்றி ஒப்புவிக்கும் வரை எத்தனை முறை வாசிக்க நேர்ந்தது என்பதைக் குறித்துவந்தார். பின்னர் ஒரு மணியோ ஒரு நாளோ ஒரு மாதமோ சென்றபின் அதே வரிசையை மீண்டும் கற்று, முதன்முறை செலவான உழைப்பில் எவ்வளவு பங்கு இப்போது மிச்சமாயிற்று என்று கணக்கிட்டார். இந்த ‘மிச்சம்’ என்னும் அளவையே அவருடைய மேதைமைக்குத் தக்க சான்று என்பேன். கற்றது ஒன்றும் நினைவில் இல்லை என்று நாம் கைவிட்டுவிடும் நிலையிலும் மனத்தின் ஆழத்தில் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்பதை அறியும் வழி அதுவொன்றே.

1885-இல் அவர் வெளியிட்ட முடிவுகள் இன்றும் எவரையும் சிந்திக்க வைப்பவை. கற்ற இருபது நிமிஷத்தில் மிச்சம் நூற்றுக்கு 58-ஆகக் குறைந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாள் கழித்து ஏறத்தாழ 34. ஆறு நாளில் 25. முப்பத்தொரு நாள் சென்ற பின்னரும் 21. முதல் மணி நேரத்தில் பாதிக்கு மேல் பறிபோகிறது. அதன்பின் மறதியின் வேகம் தணிந்து, வார முடிவிலும் மாத முடிவிலும் அதிக வித்தியாசமில்லாத ஒரு மட்டத்தில் வந்து நிற்கிறது. தனியொரு மனிதர் தம்மைப்பற்றிக் கண்ட இம்முடிவு பிறருக்கும் பொருந்துமா என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது. 2015-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆய்வாளர் இருவர் அவருடைய பரிசோதனையை அவர் கையாண்ட முறையிலேயே திரும்ப நடத்திப் பார்த்தபோது, கிடைத்த வளைகோடு அவர் வரைந்த கோட்டை ஒட்டியே சென்றது. ஆகவே, நேற்று மாலை படித்த இருபது புதுச் சொற்களில் பெரும்பாலானவை இன்று காலையில் மறந்துவிட்டன என்று வருந்தும் மாணாக்கன் மந்தபுத்தி உள்ளவன் அல்லன். எல்லா மனித மனங்களுக்கும் பொதுவான நியதிக்கே அவனும் உட்பட்டவன்.

அதே நூலில் வேறொரு செய்தியும் உண்டு. சொற்பொருள் பயில்வார்க்கு அது முன்னதினும் முக்கியமானது. பொருளற்ற அசைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு, பைரன் என்னும் ஆங்கிலக் கவிஞரின் ‘டான் ஜுவான்’ காவியத்திலிருந்து சில பாட்டுக்களை, தமக்குத் தாய்மொழியல்லாத ஆங்கிலத்திலேயே, எப்பிங்ஹாஸ் மனனம் செய்தார். சுமார் 80 அசைகள் கொண்ட ஒரு பாட்டு அவருக்கு ஒன்பது முறைக்குள் வாசித்த அளவில் பாடமாகிவிட்டது. அதே அளவுள்ள பொருளற்ற அசைகளுக்கோ எழுபது எண்பது முறை வாசிப்பு வேண்டியிருந்தது. பொருள், சந்தம், இயைபு, வாக்கியத் தொடர்ச்சி ஆகிய இவை ஒன்றுகூடி உழைப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டன. ஆங்கிலச் சொல்லொன்றை ஒரு பத்தியிலும் அதன் பொருளை எதிர்ப் பத்தியிலும் எழுதி, வாக்கியமோ சந்தர்ப்பமோ இன்றி உருப்போடும் மாணாக்கன் தன்னை அறியாமலே அச்சொல்லைப் பொருளற்ற அசையின் நிலைக்குத் தாழ்த்திவிடுகிறான். பத்து மடங்கு உழைப்பைத் தானே வருவித்துக்கொள்கிறான்.

உழைப்பைக் காலத்தில் எப்படிப் பங்கிடுவது என்பதையும் எப்பிங்ஹாஸ் ஆராயாமல் விடவில்லை. பன்னிரண்டு அசை கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து வாசித்ததால் மறுநாள் விளைந்த பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து மொத்தம் 38 முறை வாசித்ததாலேயே அவர் பெற்றுவிட்டார். மண்சுவர் வைப்போர் ஒரு படை வைத்து, அது காய்ந்து இறுகிய பின்னரே அடுத்த படையை அதன்மேல் ஏற்றுவர். ஈரத்தின்மேல் ஈரமாக ஒரே நாளில் முழுச்சுவரையும் எழுப்பினால் அது தன் பாரத்தாலேயே சரிந்துவிடும் என்பதை அவர்கள் அறிவர். பரீட்சைக்கு முந்திய இரவில் சொற்களை அடுக்குபவன் செய்வதும் இத்தகைய ஈரச்சுவர்தான்.

இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்னும் வினாவுக்கு, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பேராசிரியராக இருந்த ஹாரி பாரிக் என்பவர் தம் குடும்பத்தையே பரிசோதனைச் சாலையாக்கி விடை கண்டார். அவரும், அவர் மனைவியும், அவர்களுடைய புதல்வியர் இருவரும் ஆளுக்கு 300 அந்நிய மொழிச் சொற்களை அவற்றின் ஆங்கிலப் பொருளோடு கற்கத் தொடங்கினர். சிலவற்றைப் பதினான்கு நாளுக்கு ஒருமுறையும், சிலவற்றை இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறையும், எஞ்சியவற்றை ஐம்பத்தாறு நாளுக்கு ஒருமுறையும் புதுப்பித்து, அதன்பின் ஐந்தாண்டுக் காலம் வரை எவ்வளவு நினைவில் நின்றது என்று சோதித்தனர். 1993-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஐம்பத்தாறு நாள் இடைவெளியில் பதின்மூன்று முறை புதுப்பித்த சொற்களும், பதினான்கு நாள் இடைவெளியில் இருபத்தாறு முறை புதுப்பித்த சொற்களும் ஏறக்குறைய ஒரே அளவில் நிலைபெற்றிருந்தன. உழைப்பில் சரிபாதி குறைந்திருக்கிறது. ஆனால் நீண்ட இடைவெளியில் பயின்றபோது ஒவ்வொரு தடவையும் சொற்கள் அதிகமாக மறந்திருந்தன. கற்பது சற்றுக் கடினமாகவே இருந்தது. அந்தக் கடினத்தைக் கண்டு அஞ்சி விலகுபவர்களே பெரும்பாலோர் என்பதுதான் வருந்தத்தக்கது. மறக்கத் தொடங்கிய சொல்லை மீண்டும் முயன்று நினைவுக்குக் கொணரும் அந்தக் கணத்திலேதான் அது உறுதிப்படுகிறது.

இவ்வுண்மையை நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்கள் என்று கொள்ள இடமுண்டு. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைப் பயின்ற சிறுவர்கள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததோடு நின்றுவிடவில்லை; சுவடியை மூடி வைத்துவிட்டு விருத்தத்தை நாள்தோறும் ஒப்புவித்தார்கள். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை வரிசையில் தொகுத்துத் தரும் அதன் பதினோராம் தொகுதி தலைமுறை தலைமுறையாக நாவில் நின்றதற்கு அச்செய்யுளின் ஓசை ஒரு காரணம் என்றால், இந்த ஒப்புவித்தல் மற்றொரு காரணம். ஒப்புவித்தலின் வலிமையை அளந்து காட்டிய பரிசோதனை 2008-இல் வெளியாயிற்று. ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், கல்லூரி மாணாக்கருக்கு நாற்பது ஸ்வாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தனர். ஒரு சொல்லின் பொருளை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட பின்னர், சிலர் அதனைத் திரும்பத் திரும்பப் படித்தார்களே அன்றி ஒப்புவிக்கவில்லை. வேறு சிலர் படிப்பதை நிறுத்திவிட்டு, ஒப்புவிப்பதை மட்டும் தொடர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, ஒப்புவித்து வந்தவர்கள் நூற்றுக்கு எண்பது சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவே மிஞ்சியிருந்தது. இதனினும் வியப்பு என்னவெனில், சோதனைக்கு முன்னர் எத்தனை சொற்கள் நினைவில் நிற்கும் என்று அவர்களையே கேட்டபோது, எல்லோரும் ஏறத்தாழப் பாதி நிற்கும் என்றே சொன்னார்கள். தன் பயிற்சி பலிக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி மாணாக்கனுக்கு உள்ளிருந்து எழும் உணர்வு நம்பத் தக்கதன்று. படிக்கும்போது எளிதாகத் தோன்றுவது அறிந்தது போன்ற மயக்கத்தையே தருகிறது.

இடைவெளி விட்டுப் பயிலுதல், ஒப்புவித்தல் என்னும் இவ்விரண்டு நியதிகளையும் இணைத்து ஸெபாஸ்டியன் லைட்னர் என்னும் ஜெர்மானிய எழுத்தாளர் 1972-இல் ஓர் எளிய ஏற்பாட்டை வகுத்துக் கொடுத்தார். அட்டையின் ஒரு பக்கத்தில் சொல், மறுபக்கத்தில் பொருளும் வாக்கியமும் எழுதி, பல அறைகள் கொண்ட ஒரு பெட்டியின் முதல் அறையில் வைக்க வேண்டும். மறுபக்கம் பாராது பொருளைச் சொல்லிவிட்டால் அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், பின்னுள்ள அறைகளை வரவர நீண்ட இடைவெளியிலும் எடுத்துப் பார்க்க வேண்டும். இன்று கைப்பேசியில் இயங்கும் சொற்பயிற்சிச் செயலிகள் பலவும் இந்தப் பெட்டியின் வழிவந்தவையே.

பெட்டியில் எந்தச் சொற்களை இடுவது? அச்சில் வந்த ஆங்கிலத்தைக் கணினியில் ஏற்றி எண்ணிப் பார்த்த முன்னோடி முயற்சி, அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் குச்செரா, ஃபிரான்ஸிஸ் என்னும் இருவரால் 1960-களில் நிகழ்ந்தது. 1961-இல் வெளியான பலவகை எழுத்துக்களிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் திரட்டி எண்ணியபோது, ‘தி’ என்னும் ஒரு சிறு சொல்லே நூற்றுக்கு ஏழு பங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 135 சொற்களே மொத்தத்தில் பாதியை நிரப்பின. எஞ்சிய பல்லாயிரம் சொற்களுள் பெரும் பகுதி ஒரே ஒரு முறைதான் தலைகாட்டின. அகராதி வரிசைப்படி மனனம் செய்வதை நான் ஒருபோதும் ஆதரிக்க இயலாமைக்குக் காரணம் இதுவே: அகராதி எல்லாச் சொற்களையும் சமமாக மதிக்கிறது, மொழியோ அப்படி மதிப்பதில்லை.

இதனைக் கணினிக்கு நெடுநாள் முன்பே கண்டுகொண்டவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து, டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராயிருந்த இந்த ஆங்கிலேயர், வங்காளத்துச் சிறுவர்கள் பல ஆண்டு ஆங்கிலம் பயின்றும் ஒரு சாதாரண நூலைத் தாமே வாசித்து மகிழ இயலாதிருந்ததைக் கண்டு மனம் நொந்தார். பாடநூல்கள் வழக்கொழிந்த காவியச் சொற்களைப் பக்கத்துக்குப் பக்கம் கொட்டி, ஒருமுறை தந்த சொல்லை மறுமுறை தராமலே விட்டுவிட்டிருந்தன. அவர் எழுதிய வாசக நூல்களில் புதுச் சொற்கள் சிறுகச் சிறுகவே வந்தன. வந்த சொல் அடுத்த பக்கங்களில் பலமுறை திரும்பி வந்தது. 1935-இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் மரபுத் தொடர்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. 1953-இல் அவர் தொகுத்தளித்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் இரண்டாயிரம் சொற்கள் அளவே உள்ளன. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள பல அர்த்தங்களுள் எது நூற்றுக்கு எத்தனை முறை வழங்குகிறது என்னும் கணக்கும் அதில் உண்டு. இந்தக் கணக்கை நான் மிகவும் போற்றுகிறேன். ‘ஸெட்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதற் பதிப்பு வேறெந்தச் சொல்லுக்கும் தராத நீளத்தில் விளக்கம் எழுத நேர்ந்தது. அத்தனை அர்த்தங்களையும் ஒருவன் ஒருங்கே கற்க வேண்டும் என்று எந்த நல்லாசிரியனும் சொல்லமாட்டான். பெருவழக்காய் உள்ள இரண்டொன்றை முதலில் உறுதிசெய்துகொண்டால் மற்றவை அவற்றைப் பற்றிப் படரும்.

கடைகளில் விற்கும் சொற்பயிற்சி நூல்கள் பல, ஒரே பொருள்தரும் சொற்களையும் எதிர்ப்பதங்களையும் ஒரே பாடத்தில் சேர்த்துத் தருகின்றன. பார்வைக்கு இது ஒழுங்காகத் தோன்றினும், புதிதாய்க் கற்கும் சொற்களுள் நெருங்கிய உறவுடையவை ஒன்றையொன்று மயக்கிக் கற்றலைத் தாமதப்படுத்துகின்றன என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஒன்று வேரூன்றிய பின்னரே அதன் எதிர்ப்பதத்தைச் சேர்ப்பது நலம்.

சொற்களை இனம் சேர்ப்பதில் பயன் தரும் வழி வேறொன்று உண்டு. லத்தீனில் நோக்குதலைக் குறிக்கும் ‘ஸ்பெக்’ என்னும் அடிச்சொல்லை ஒருவன் அறிந்துகொண்டால், உள்நோக்கி ஆராயும் ‘இன்ஸ்பெக்ட்’, முன்னோக்கும் ‘பிராஸ்பெக்ட்’, கடந்ததைத் திரும்பி நோக்கும் ‘ரெட்ராஸ்பெக்ட்’, கீழிருந்து ஐயத்தோடு நோக்கும் ‘சஸ்பெக்ட்’, காட்சியைக் காண வந்த ‘ஸ்பெக்டேட்டர்’ ஆகிய இவையெல்லாம் ஒரு குடும்பத்தாராக அவன் மனத்தில் அமர்கின்றன. பொருளற்ற ஒலியாயிருந்தது பொருளுள்ளதாகிறது. பைரன் பாட்டு எப்பிங்ஹாஸுக்குத் தந்த லாபம் இங்கே ஓரளவு கிட்டுகிறது. ஆனால் இம்முறையில் எச்சரிக்கை வேண்டும். நடந்து செல்பவரைக் குறிக்கும் ‘பெடஸ்டிரியன்’ என்பதில் உள்ள ‘பெட்’ பாதத்தைக் குறிக்கும் லத்தீன். குழந்தை மருத்துவரான ‘பீடியாட்ரீஷியன்’ என்பதில் அதே எழுத்துக்களால் எழுதப்படுவது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கம். வேர்ச்சொல் நினைவுக்கு ஊன்றுகோலாகலாம், பொருளுக்குத் தீர்ப்பாகாது.

பொருளுக்குத் தீர்ப்புச் சொல்வது பிரயோகம். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்து பின்னர் லண்டனில் மொழியியலைக் கற்பித்த ஜே. ஆர். ஃபிர்த், ஒரு சொல் எந்தச் சொற்களோடு கூடி வழங்குகிறது என்பதும் அதன் பொருளில் ஓர் அங்கமே என்று வற்புறுத்தினார். ‘ஸ்ட்ராங்’, ‘பவர்ஃபுல்’ இரண்டும் வலிமையையே குறிக்கும் என்று அகராதியில் கற்கிறோம். எனினும் ஆங்கிலேயன் தேநீரை ‘ஸ்ட்ராங்’ என்பானே தவிர ‘பவர்ஃபுல்’ என்னமாட்டான். நம் ஊர்த் தேநீர்க் கடையில் ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று கேட்பவர்கள் இலக்கணம் கற்காமலே இக்கூட்டுறவைச் சரியாகப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, அந்நியராய் இம்மொழியைப் பயில்வோர்க்குத் தேவையானது இத்தகைய பிரயோக அறிவே என்று உணர்ந்து, தம் துணைவர்களோடு சேர்ந்து ஆக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் அச்சாயிற்று. யுத்தம் முடிந்தபின் 1948-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதனை உலகுக்கு அளித்தது. சொல்வளம் நாடும் மாணாக்கன் முதலில் வாங்கத் தக்கது, பதத்துக்குப் பதம் தமிழ் தரும் கையகராதியோடு கூட, அந்த வழியில் வந்த ஒரு மாணவர் அகராதி.

அப்படியானால் வாசித்துக்கொண்டே போனால் சொற்கள் தாமாக வந்து சேராவோ எனின், வந்து சேரும். மெல்ல வந்து சேரும். வாசிக்கும்போது எதிர்ப்படும் அறியாச் சொற்களுள் நூற்றுக்குப் பதினைந்து அளவே சந்தர்ப்பத்தால் பொருள் விளங்கி மனத்தில் தங்குகின்றன என்று, இத்துறையில் நிகழ்ந்த இருபது பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 1999-இல் கூறியது. முதல் இரண்டாயிரம் சொற்களை அட்டையும் ஒப்புவித்தலுமாக முயன்று கற்க வேண்டும் என்பதற்கு இதுவே ஆதாரம். அதற்கு அப்பால், கல்லூரி நூல்களில் துறைதோறும் வழங்கும் 570 சொற்குடும்பங்களை நியூஸிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் பட்டியலிட்டிருக்கிறார். மேற்படிப்பை நோக்கிச் செல்பவர்க்கு அது அடுத்த படி. பத்திரிகையும் நாவலும் தடையின்றி வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று அந்நாட்டுப் பேராசிரியர் பால் நேஷன் கணக்கிட்டுள்ளார். அத்தனையையும் அட்டையில் எழுதுதல் பெரும்பாலோர்க்கு ஆகாத காரியம். பின்னுள்ளவற்றை நூல்களே தரவேண்டும்.

அந்நூல்களைத் தேர்வதில் ஒரு சிறு யோசனை. இன்று ஒரு நாவல், நாளை ஒரு பொருளாதாரக் கட்டுரை, மறுநாள் விளையாட்டுச் செய்தி என்று தாவாமல், தனக்குப் பிரியமான ஒரே விஷயத்தைப் பற்றி நான்கைந்து நூல்களை அடுத்தடுத்து வாசிப்பவனுக்கு, அவ்விஷயத்துக்குரிய சொற்கள் வெவ்வேறு வாக்கியங்களில், வெவ்வேறு துணைகளோடு, தாமே இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். கிரிக்கெட்டில் ஈடுபாடுள்ள சிறுவன் அதைப் பற்றியும், நட்சத்திரங்களில் மனம் பறிகொடுத்தவள் வானநூலைப் பற்றியும் வாசிக்கட்டும். முதல் நூலில் பக்கத்துக்குப் பலமுறை அகராதியைப் புரட்ட நேரும். இரண்டாம் நூலில் அந்த வேலை குறையும். மூன்றாம் நூலில் அகராதியைத் திறக்குமுன் பொருளைத் தானே சொல்லிப் பார்த்து, பிறகு சரிதானா என்று ஒத்துப்பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பரிச்சயம் வளர்ந்திருக்கும்.